ஒரு பொட்டுக் காற்று

"மருமவன் சட்டைக்குள்ள எதையோ ஒளிச்சுட்டுப் போனானுங்க. என்ற ரெண்டு கண்ணால பாத்தேன். அது என்னன்னு கண்டுபுடிச்சுக் குடுங்க, போதும்."

இதைச் சொல்லும்போதும் மரகதம் அம்மாளின் கை தூளியை ஆட்டுவதை நிறுத்தவில்லை. பெங்களூர் ஈஜிபுராவில் மூன்றாவது மாடி வீடு அது. கூடத்துக் கொக்கியில், துவைத்துத் துவைத்துச் சாயம் போன அரக்குக் கரைச் சேலையில் தூளி கட்டியிருந்தது. உள்ளே பிறந்து ஒரு மாதம் ஆன பெண் குழந்தை. குழந்தையின் அம்மா தீபிகா, மார்கழிக் காலை ஒன்றில் குளிக்கப் போன இடத்திலேயே செத்துப்போனாள். அப்பா அஷ்வின் பரப்பன அக்ரஹாரா சிறையில் இருந்தான். அவனை அங்கே அனுப்பியவர், இதோ தூளியை ஆட்டிக்கொண்டிருக்கும் மாமியார்தான். கோபிசெட்டிபாளையத்திலிருந்து மகளின் பிரசவம் பார்க்க வந்தவர், மகளை எரித்துவிட்டு, பொங்கல் நெருங்கியும் ஊர் திரும்பாமல் இருந்தார்.

என் முதலாளி அனந்தபத்மநாபன் மோவாயைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அல்சூரில் எங்கள் ஆபீஸ் பலகையில் அவர் பெயரை எழுதி முடித்ததுமே இடம் தீர்ந்துவிட்டது. 'துப்பறியும் நிபுணர்' என்பதில் 'நிபுணர்' மட்டும்தான் ஏறியது. எதில் நிபுணர் என்று தெரியாமல் பல் பிடுங்கிக்கொள்ள வந்தவர்கள் உண்டு. நான் சுனிதா. உதவியாளர், ஸ்கூட்டி ஓட்டுபவள், கன்னடம் தேவைப்படும் இடத்தில் சாருக்கு நாக்கு. அவர் பேசாமல் மிச்சம் பிடிக்கிற பேச்சையெல்லாம் நானே பேசித் தீர்த்துவிடுவேன். 

"அன்னிக்கு நடந்ததை இன்னொரு தடவை சொல்லுங்கம்மா," என்றார் சார்.

"தலைக்கு ஊத்தற நாளுங்க. பச்ச ஒடம்புக்காரி. இந்த ஊருக் குளிரு வேற, எலும்புக்குள்ள பூந்துக்குது. எண்ண தேச்சு, மஞ்சப் பூசி, காதுல பஞ்சு வெச்சு, ஒரு பொட்டுக் காத்துப் படாம பாத்துகிட்டேனுங்க. பாதியில குழந்தை அழுதுச்சு. 'நீ போம்மா, நானே ஊத்திக்கறேன்'னா. தாழ் போட்டுகிட்டா. தண்ணி கொட்டற சத்தம் கேட்டுகிட்டே இருந்துச்சு. ஒடம்பு வலிக்கு நல்லாக் குளிக்கட்டும்னு நானும் இருந்துட்டேன்."

"அப்புறம்?"

"கூப்புட்டேன், பதிலில்ல. அவன் தோளால இடிச்சுக் கதவ ஒடச்சான். தூக்கியாந்து இங்கதான் போட்டான். மூஞ்சி செவச்செவன்னு, தூங்கறவளாட்டம் இருந்தா. கீழ் வீட்டு டாக்டரு வந்து கையப் புடிச்சுப் பாத்துட்டு இல்லைன்னுட்டாரு." மரகதம் அம்மாள் மூச்சை இழுத்துக்கொண்டார். "நான் அவ மேல விழுந்து அழுதுகிட்டிருக்கறேன். அவன் மறுபடி குளிக்கற ரூமுக்குள்ள போறான். வெளிய வரப்போ சட்டை உப்பியிருக்குது. மாடிப்படியப் பாத்து ஓடறான். பொண்டாட்டி பொணமாக் கெடக்கறப்ப எவனாவது ஓடுவானுங்களா?"

"டாக்டர்கள் என்ன சொன்னாங்க?"

"விஷவாயுன்னு எழுதிட்டாங்க. வாயு வானத்துல இருந்தா வந்துச்சு? ஏதோ மருந்துப் புட்டிய வெச்சிருக்கறான். அதைத்தான் ஒளிச்சான். போலீசு கேட்டுக் கேட்டுப் பாத்துது, வாயத் தொறக்கலியே!"

"மாப்பிள்ளையை உங்களுக்கு முன்னாடியிருந்தே பிடிக்காதோ?"

அந்தம்மாளின் முகம் இறுகியது. "ஆபீசுல பாத்துப் புடிச்சுகிட்டாங்க. ஒரு வருசம் அவகூட நான் பேசல. வயித்துல புள்ளன்னு கேட்டப்பறம்தான் மனசு எளகுச்சு. ஒரு வருசத்த வீணாக்கிப் போட்டேனுங்க."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தால் மூக்குத்தான் முதலில் சிவக்கும், சார் கண்டுபிடித்துவிடுவார்.

குளியலறை சின்னது. சுவரில் வெந்நீருக்கு ஒரு கேஸ் கெய்சர், அதற்கு நேர் மேலே கண்ணாடிப் பட்டைகள் வைத்த வென்டிலேட்டர். கீழிரண்டு பட்டைகள் இல்லை. அந்த இடைவெளி வழியாகச் சில்லென்று காற்று வந்துகொண்டிருந்தது. சார் என்னைப் பார்த்தார். பக்கெட்டைக் கவிழ்த்து நானே ஏறினேன். அவர் ஏறியிருந்தால் பக்கெட் அன்றோடு ரிட்டயர் ஆகியிருக்கும்.

"இன்னா கீதுன்னா சார், தூசி கீது, ஒரு பல்லி கீது. அப்புறம் பட்டை சொருகற துருப்பிடிச்ச கிளிப்புல ஒரு நூல். சிவப்பு மாதிரி."

"கிளிப்பு உள்பக்கமா, வெளிப்பக்கமா?"

"உள்பக்கம். கையில கட்ற சாமிக் கயித்துலருந்து வந்திருக்குமோ? ஏறி ஏதோ பண்ணியிருக்கான், கயிறு மாட்டிக்கிச்சு. கேஸ் முடிஞ்சுது சார், காபி குடிக்கலாம்."

"கயிறு முறுக்கியிருக்கும். இது தனி இழை," என்றார் சார். நூலைத் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டார். கெய்சரின் அடியில் ஒட்டியிருந்த கடைச் சீட்டைப் படித்தார். "டென்சில், தொம்மலூர். வண்டியை எடு."

தொம்மலூரில் டென்சிலின் கடை, பழைய ஊருக்குள் போகும் சந்தின் முனையில் இருந்தது. ஒரு பக்கம் ஹீட்டர்கள், மறு பக்கம் ஏசிப் பெட்டிகள், நடுவில் டென்சில். காக்ஸ் டவுன்காரர், ஐம்பது வயதிருக்கும். நாங்கள் தீபிகா பெயரைச் சொன்னதும் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"காட் ப்ராமிஸ் சார், என் மெஷின்ல ஒரு ஃபால்ட்டும் இல்ல. போலீஸ் எடுத்துட்டுப் போய் டெஸ்ட் பண்ணித் திருப்பி மாட்டிட்டாங்க."

"உங்களைக் குத்தம் சொல்ல வரல. அஷ்வின் ஏன் கேஸ் கெய்சர் வாங்கினான்?"

"இந்த ஊர்ல மூணு மாதிரி கஸ்டமர் சார். கரண்ட் போகாதுன்னு நம்பறவன் எலக்ட்ரிக் வாங்குவான். தினம் வெயில் அடிக்கும்னு நம்பறவன் சோலார் வாங்குவான். ரெண்டையும் நம்பாதவன் கேஸ் வாங்குவான். இந்தப் பையன் சோலார்தான் கேட்டான். மாடியில வைக்க ஹவுஸ் ஓனர் ஒத்துக்கல. கரண்ட் போனாலும் கைக்குழந்தைக்கு வெந்நீர் வேணும்ல, அதனால கேஸ்."

"வாங்கினவனுக்கு எல்லாம் சொன்னீங்களா?" என்று நான் கேட்டேன்.

டென்சிலுக்குக் கோபம் வந்துவிட்டது. "சொல்லாம விடுவனா மேடம்? கேஸ் கெய்சர் நம்மள மாதிரி, மூச்சு விடணும். ரூமை அடைச்சு வெச்சா, உள்ள இருக்கற நல்ல காத்தை எல்லாம் தின்னுட்டுக் கெட்ட காத்தைக் கக்கும். அதுக்கு வாசனை கிடையாது, கண்ணு எரியாது. தூக்கம் வர்ற மாதிரி இருக்கும், அவ்ளோதான். வருஷம் ஒருவாட்டி பர்னரைக் கழட்டி க்ளீன் பண்ணு, வென்டிலேட்டரை மட்டும் மூடாதேன்னு மூணு வாட்டி சொன்னேன். அவன் என்ன பண்ணான் தெரியுமா? 'அங்கிள், யாராவது மறந்து மூடிட்டா?'ன்னான். ஸ்டூல் போட்டு ஏறி, கீழ் ரெண்டு கண்ணாடியை அவனே கழட்டிட்டான். குளிருமேப்பான்னேன். குளிரட்டும் அங்கிள்னான்."

கடைக்கு வெளியே வந்து ஸ்கூட்டியை உதைத்தேன். வண்டி கிளம்பவில்லை, என் மூளையும்தான்.

"பேஜாரா கீது சார். கண்ணாடியைக் கழட்டினவன் கொலை பண்ண மாட்டான். ஆனா ஓட்டை திறந்தே இருந்தா அந்தப் பொண்ணு செத்திருக்கக் கூடாது."

"ஆக, அன்னிக்கு ஓட்டை மூடியிருந்தது."

"அவனே மூடியிருந்தா?"

"கொல்ல நினைச்சவன் கண்ணாடியை மாட்டியே வச்சிருப்பான். குளிருக்கு மூடினோம்னு சொல்ல எவ்வளவு வசதி!" சார் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். வண்டி ஒரு அங்குலம் தாழ்ந்தது. "இன்னொண்ணு யோசி. அந்தம்மா என்ன சொன்னாங்க? சட்டை உப்பியிருந்ததுன்னாங்க. புட்டியை ஒளிச்சா சட்டை துருத்தும். உப்பாது."

எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "துணி!"

"துணி. போலீஸ் புட்டியைத் தேடியிருக்காங்க. புட்டி ஒளிக்கிற இடத்தையெல்லாம் பார்த்திருப்பாங்க. நாம துணி ஒளிக்கிற இடத்தைப் பார்ப்போம்."

கட்டட உரிமையாளர் முனிராஜ் தரைத்தளத்திலேயே குடியிருந்தார். இந்த ஊர் மண்ணிலேயே முளைத்த மனிதர், தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடிப்பார்.

"ஹவுது மேடம், மேல ஓடினதை நான் பார்த்தேன். திரும்பி வந்தப்ப கையில ஏனு இல்ல, வெறுங்கை. போலீசும் மேல போனாங்க. தண்ணி டேங்கைக் காலி பண்ணி, பைப்பைக் கழட்டி, வீடு வீடா தண்ணி இல்லாம பண்ணிட்டாங்க. ஒண்ணும் சிக்கல."

மொட்டை மாடியில் இரண்டு தண்ணீர்த் தொட்டிகள், துணி காயும் கம்பிகள், மூலையில் நீலத் தார்ப்பாய் போர்த்திய ஒரு பெரிய பெட்டி. நான் தார்ப்பாயை விலக்கினேன். ஏர் கூலர்.

"இது யாருது?"

முனிராஜ் லேசாகச் சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "அவருதுதான். வேலூர்லருந்து லாரியில ஏத்திட்டு வந்தாரு. பெங்களூர்ல கூலரு! பில்டிங்கே சிரிச்சுச்சு. எங்க அம்மா வாங்கிக் கொடுத்தது சார், எறிய மனசு வரலன்னாரு. சரி மாடியில வெச்சுக்கோன்னு விட்டேன்."

சார் கூலரைச் சுற்றி வந்தார். மூன்று பக்கமும் மரச்சீவல் அடைத்த தட்டிகள். தண்ணீர் காணாமல் காய்ந்து, தூசி படிந்து கிடந்தன. ஒரு தட்டியில் மட்டும் தூசி கலைந்திருந்தது. நான் அதைக் கழற்றினேன். தண்ணீர் நிற்கும் தொட்டிக்குள் ஒரு துணி இருந்தது. ஒளிக்கிறவன் கசக்கித்தானே திணிப்பான்? இதை யாரோ நான்காக மடித்து, மூலையோடு மூலை சேர்த்து வைத்திருந்தார்கள்.

எடுத்து விரித்தேன். நூல் சேலை. துவைத்துத் துவைத்துப் பஞ்சாய்ப் போனது. முழுச் சேலையல்ல, பாதி. குறுக்கே கையால் கிழித்த விளிம்பு. ஓர் இடத்தில் கரிப்புகை படிந்திருந்தது. இன்னோரிடத்தில் எண்ணெயும் மஞ்சளும் சேர்ந்த ஐந்து விரல்கள், ஓட்டையில் திணித்த வேகத்தோடு அப்படியே பதிந்திருந்தன. ஓரத்தில் சாயம் போன அரக்குக் கரை, கிளிப்பில் மாட்டியிருந்த நூலின் நிறம்.

கீழே மூன்றாவது மாடியில் குழந்தை அழுதது. "ஆராரோ, ஆராரோ" என்று மரகதம் அம்மாளின் குரல் கேட்டது. தூளிக் கொக்கி கிரீச்சிடும் சத்தம் அவ்வளவு தூரத்துக்கும் வந்தது. அந்தத் தூளி இந்தச் சேலையின் மறுபாதி என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"ஐயோ சார்," என்றேன். "அந்தம்மாதான்..."

"ம்."

"ஒரு பொட்டுக் காத்துப் படாம பாத்துகிட்டேன்னாங்களே. பெருமையா சொன்னாங்களே சார்!"

சார் துணியை வாங்கி, இருந்த மடிப்பிலேயே திரும்ப மடித்தார். 

மறுநாள் வக்கீல் மூலம் அனுமதி வாங்கி அஷ்வினைப் பார்த்தோம். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் தாடியும் குழிந்த கண்ணுமாக நின்றான். வைட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தவன் என்று சொன்னால் நம்ப முடியாது. சார் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"கூலரைத் திறந்து பார்த்தோம் அஷ்வின்."

அவன் வலையைப் பற்றிக்கொண்டான். ஜாமீன் கிடைக்குமா, எப்போது வெளியே வருவேன், எதையும் கேட்கவில்லை. "அத்தைகிட்ட சொல்லிட்டீங்களா?" என்றுதான் கேட்டான்.

"இன்னும் இல்லை."

"சொல்லாதீங்க சார். கையெடுத்துக் கும்பிடறேன்."

"உங்களைக் கொலைகாரன்ங்கறாங்க, தெரியுமா?" என்றேன் நான். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

"சொல்லட்டும் மேடம். என் மேல ஆத்திரம் இருக்கற வரைக்கும் அவங்க உயிரோட இருப்பாங்க. இது தெரிஞ்சா அன்னிக்கே போயிருவாங்க. அப்புறம் என் குழந்தையை யாரு பார்ப்பா? எங்கம்மா போய்ச் சேர்ந்தாச்சு." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "கதவை உடைச்சுகிட்டு உள்ள போனதுமே பார்த்தேன். ஓட்டையில சேலை. தீபிகா நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டா. கண்ணெல்லாம் எண்ணெய். கெய்சரை அணைச்சு, துணியை உருவிப் போட்டுட்டு அவளைத் தூக்கிட்டு வந்தேன். டாக்டர் இல்லைன்னு சொன்னதும், அத்தை அவமேல விழுந்து 'காத்துக்கூடப் படாம வெச்சிருந்தேனே'ன்னு கதறினாங்க. அந்த நிமிஷம் அந்தத் துணி அவங்க கண்ல படக்கூடாதுன்னு தோணிச்சு. வேற ஒண்ணுமே தோணல."

"அவங்களை நீ முன்னாடி எச்சரிக்கலியா?" என்றார் சார்.

"அதுதான் சார் என் தப்பு. டென்சில் அங்கிள் என்கிட்ட சொன்னார். நான் தீபிகாகிட்ட சொன்னேன். அத்தைகிட்ட சொல்லல. அவங்க என்கிட்ட பேச ஆரம்பிச்சே கொஞ்ச நாள்தான் ஆச்சு. எதைச் சொன்னாலும் தப்பா எடுத்துப்பாங்களோன்னு பயம். 'அத்தை, இந்த ஜன்னலை மூடாதீங்க'ன்னு ஒரு வார்த்தை. அதைச் சொல்ல எனக்கு வாய் வரல."

சார் வலையருகே நகர்ந்தார்.

"உன் பெண் வளர்ந்து பள்ளிக்கூடம் போவா. 'எங்கப்பா எங்கம்மாவைக் கொன்னுட்டார்'னு சொல்லிக்கிட்டு வளரணுமா? அதை அவளுக்குச் சொல்லிக் கொடுக்கப்போறதும் உங்க அத்தைதான். அது சம்மதமா உனக்கு?"

அஷ்வின் வலையில் நெற்றியை வைத்துச் சத்தமில்லாமல் அழுதான். நேரம் முடிந்துவிட்டதென்று காவலர் வந்து தோளைத் தொட்டார்.

திரும்பும் வழியில் ஈஜிபுரா திருப்பத்தில் சிக்னலுக்கு நின்றபோது கேட்டேன்.

"கெய்சர்ல கோளாறுன்னு சொல்லிடலாமா சார்? ஒரு மெஷின் மேல பழியைப் போட்டா யாருக்கு நஷ்டம்?"

"டென்சிலைப் பிடிச்சு உள்ளே போடுவாங்க. அவருக்கும் வீட்டில ஆள் இருக்கும்."

"கெட்ட காத்து தானா வந்துச்சுன்னு சொல்லலாமே?"

"அப்ப சட்டைக்குள்ள என்னன்னு கேப்பாங்க. அதைக் கேக்கத்தானே நம்மளைக் கூப்பிட்டாங்க?"

பின்னால் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். வண்டியை நகர்த்தினேன்.

நாங்கள் போனபோது மரகதம் அம்மாள் வழக்கம்போல் தூளியோரம் உட்கார்ந்திருந்தார். கை ஆட்டிக்கொண்டிருந்தது.

"கெடச்சுதுங்களா?"

சார் பையிலிருந்து துணியை எடுத்து அவர் மடியில் வைத்தார். அந்தம்மாள் பிரித்துப் பார்த்தார். முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம் வந்ததை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

"அட, இது என்ற சேலைங்க! தீபிகா பொறந்தப்ப அவளுக்குத் தூளி கட்டுனது. இவளுக்காகப் பத்திரமா வெச்சுக் கொண்டாந்தேன். ஒரு பாதிய இதுக்குக் கட்டுனேன். இன்னொரு பாதிய..." கிழிந்த விளிம்பை விரலால் நீவினார். கரி படிந்த இடத்தைத் தொட்டார். "குளிக்கற ரூமுல காத்து வருதேன்னு மேல சொருகுனேன். ரெண்டு கண்ணாடி ஒடஞ்சு கெடந்துச்சு. இதையா ஒளிச்சான்? இதை எதுக்குங்க ஒளிக்கோணும்?"

சார் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தார். அவருக்கு முழங்கால் மடங்காது, ஆனாலும் உட்கார்ந்தார்.

"கண்ணாடி உடையலம்மா. உங்க மாப்பிள்ளைதான் கழட்டி வச்சார். அந்தக் கெய்சர் எரியறதுக்குக் காத்து வேணும். அந்த ஓட்டை வழியாத்தான் நல்ல காத்து உள்ள வரும், கெட்ட காத்து வெளிய போகும். ஓட்டை அடைபட்டா கெட்ட காத்து உள்ளேயே தங்கிடும். வாசனை வராது. உள்ள இருக்கறவங்களுக்குத் தூக்கம் வரும்."

தூளி ஆடிக்கொண்டிருந்தது. பிறகு மெதுவாக, மெதுவாக நின்றது. அந்தம்மாளின் கை நின்றதை நான் முதல்முதலாகப் பார்த்தேன்.

"புட்டி?" என்றார்.

"புட்டி எதுவும் இல்லம்மா."

மரகதம் அம்மாள் துணியைப் பார்த்தார். மஞ்சள் பதிந்த ஐந்து விரல்கள் மேல் தன் ஐந்து விரல்களை ஒவ்வொன்றாக வைத்தார். சரியாக இருந்தது.

"காத்துப் படக்கூடாதுன்னனே," என்றார். "என்ற சாமீ... காத்தே இல்லாமப் பண்ணிப் போட்டனே! தண்ணிச் சத்தம் கேட்டுகிட்டிருந்துச்சே! நல்லாக் குளிக்கறான்னு நெனச்சனே! கொன்னு போட்டனே கண்ணு, ஒன்ன நானே கொன்னு போட்டனே!"

துணியால் வாயைப் பொத்திக்கொண்டு கதறினார். நான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். நானும் கூடவே அழுதேன். பேசியே பிழைக்கிறவளுக்கு அன்றைக்கு ஒரு பேச்சும் உதவவில்லை. வெகுநேரம் கழித்து அந்தம்மாள் தலை நிமிர்ந்தார்.

"மாப்ளைக்கு இது எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே தெரியும்," என்றார் சார். "உங்க கண்ல படக்கூடாதுன்னுதான் எடுத்துட்டு ஓடினார்."

"நான் மண்ண வாரித் தூத்துனனே! ஸ்டேசனுல வெச்சு, கொலகாரான்னு சட்டையப் புடிச்சனே! அப்பவும் சொல்லலியா?"

"சொல்லல."

குழந்தை விழித்துச் சிணுங்கியது. அந்தம்மாள் எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இவர் இனி என்ன செய்வாரோ? மாடி ஜன்னல் பக்கம் போனால் மறிப்பதற்குத் தயாராகக்கூட நின்றேன். ஆனால் அவர் தூளிக்குள் கைவிட்டுக் குழந்தையை எடுத்து என் கையில் வைத்தார். கைக்குழந்தையைத் தூக்கிப் பழகாதவள் நான், மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கழுத்தத் தாங்கிப் புடி கண்ணு," என்றார். பாதிச் சேலையை இடுப்பில் செருகினார். "ஸ்டேசனு எந்தப் பக்கமுங்க? எனக்குக் கன்னடம் தெரியாது. நான் சொல்லச் சொல்ல நீ அவங்களுக்குச் சொல்லோணும். ஒரு வார்த்த விடாம சொல்லோணும். நான்தான் அடைச்சேன்னு சொல்லோணும்."

சொன்னேன். ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் மேஜை முன்னால் நின்று, அந்தம்மாள் தமிழில் சொன்னதையெல்லாம் நான் கன்னடத்தில் சொன்னேன். என் வேலையில் அதைவிடக் கஷ்டமான வேலை இன்றுவரை வந்ததில்லை. இன்ஸ்பெக்டர் முழுதும் கேட்டுவிட்டு, தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்து, அந்தம்மாளுக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

டென்சிலும் வந்து வாக்குமூலம் கொடுத்தார். இது கொலையல்ல, விபத்து என்று எழுதி முடிக்க ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் நடையாய் நடந்தோம். தை மாதம் பாதி போனபிறகுதான் அஷ்வின் சிறை வாசலுக்கு வெளியே வந்தான். வாசலுக்கு எதிரே, வேப்பமரத்தடியில், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மரகதம் அம்மாள் நின்றார். நானும் சாரும் ஸ்கூட்டியருகே தள்ளி நின்றோம்.

அவன் கிட்டே வந்தான். அந்தம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். குழந்தையை நீட்டினார். அவன் வாங்கிக்கொண்டு, அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு பேருக்கும் நடுவில் பேச என்ன மிச்சம் இருக்கிறது? மன்னிப்புக் கேட்பாரா, காலில் விழுந்துவிடுவாரா, இவன் என்ன சொல்வான்?

அஷ்வின் குழந்தையின் தலையை முகர்ந்தான்.

"இன்னிக்குக் குளிப்பாட்டினீங்களா அத்தை?"

மரகதம் அம்மாள் நிமிர்ந்தார்.  

"ஊத்துனேனுங்க மாப்ளை," என்றார். "ஜன்னலத் தொறந்து வெச்சு."